முட்டிக்கு மாட்டுகிற நீ கேப் (knee cap) வாங்கப் போகிறீர்களா? பாளையங்கோட்டைக் கடைகளில் கிடைக்கும் நாலு வகை, ஒரு மதிப்பீடு

ராணுவத்துக்கு ஆளெடுக்கிற அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு முழு 60 மதிப்பெண். கணக்குப் போட்டால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 விநாடி சொச்சம். நாலு சுற்றும் அதே வேகம் நிற்கணும். அறிவிப்பு வந்த பிறகு இரண்டே மாதத்தில் அந்த வேகத்தை எட்டப் பார்க்கிற பையனுக்கு மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக இன்னும் பல வாரம் கேட்கும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் முட்டி பிடித்துக்கொள்கிறது. உடனே பையன் மெடிக்கலுக்கோ ஸ்போர்ட்ஸ் கடைக்கோ போவான்.

"அண்ணாச்சி, ஒரு நீ கேப் தாங்க."

"எம் சைஸா, எல் சைஸா தம்பி?"

வியாபாரம் அவ்வளவுதான். வலி முட்டியில் எந்த இடத்தில் என்று வாங்குகிறவனும் சொல்வதில்லை, விற்கிறவரும் கேட்பதில்லை. நீ கேப் வாங்குவதில் முக்கால்வாசித் தப்பு நடப்பது இங்கேதான். வலிக்கிற இடத்தைப் பொறுத்துத்தான் சாமானே மாறும்.

முதல் வகை, பனியன் துணி மாதிரிப் பின்னி இழுத்து மாட்டுகிற சாதா நீ கேப். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சில்லுக்கு, அதாவது முட்டியின் முன்னால் இருக்கிற வட்ட எலும்புக்கு, பின்னாலோ அதைச் சுற்றியோ வலி இருந்தால் இது பிரயோஜனப்படும். அடையாளம் சுலபம்: மாடிப்படி இறங்கும்போது வலிக்கும், குத்தவைத்தால் வலிக்கும், சங்கரன்கோவில் பஸ்ஸில் காலை மடக்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் சுருக்கென்று பிடிக்கும். துணியின் அழுத்தமும் சூடும் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வையும் கூட்டும். அதற்கு மேல் இது எதுவும் செய்யாது. சில்லைப் பிடித்து நிறுத்தாது. வலியே இல்லாத முட்டிக்கு முன்ஜாக்கிரதையாக மாட்டினால் காயம் வராது என்று நம்பவும் உறுதியான ஆதாரம் கிடையாது. முட்டி தட்டுகிறவர்களுக்கு இதை மாட்டினால் கால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பின் வாக்கைத் துணி மாற்றாது.

அளவை எம், எல் என்று வாயால் சொல்லி வாங்காதீர்கள். தையல் டேப்பால் அளந்துகொண்டு போங்கள். சில கம்பெனி அட்டையில் சில்லு நடுவில் சுற்றளவு கேட்பார்கள், சில கம்பெனி தொடையில் கேட்பார்கள். பெட்டியில் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே அளக்கணும். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். கடையிலேயே மாட்டி இருபது தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். மேல் விளிம்புக்குள் இரண்டு விரல் நுழையணும். முட்டிக்குப் பின்னால் துணி சுருண்டு கயிறு மாதிரித் திரண்டால் அது வேண்டாம், மடிப்பு இருக்கிற இடத்தில் தோலை அறுத்துவிடும். மாட்டி நடந்த பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் மரத்தாலோ பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ கழற்றிவிடுங்கள். ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது.

இரண்டாவது, நியோப்ரீன் ரப்பர் துணியில் முன்னால் வட்டமாக ஓட்டை விட்டு வெல்க்ரோ ஒட்டுவது. பார்க்க கெட்டியாக இருப்பதால் பையன்கள் இதைத்தான் கேட்கிறார்கள். நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயிலுக்கு இதைச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. காற்றே போகாது, வேர்வை உள்ளேயே நிற்கும், ஒரே வாரத்தில் செம்பருவாகத் தடித்துவிடும். சிலருக்கு அந்த ரப்பரே அலர்ஜி. மார்கழிப் பனியில் அரைமணி நேரம் ஓடுகிறவர்களுக்குச் சரி.

நாங்கள் நல்ல மதிப்பெண் கொடுக்கிற சாமான் மூன்றாவதுதான்: சில்லுக்குக் கீழே கட்டுகிற சின்னப் பட்டை. நாலையும் அடுக்கிவைத்தால் இதுதான் கண்ணுக்கே தெரியாது. வலி சில்லின் அடி நுனியிலோ அதற்குக் கீழே உள்ள தசைநாரிலோ இருந்து, ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால், இதை வாங்கலாம். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டிப் பழகுகிறவர்களுக்கும் தவளைத் தாவல் போடுகிறவர்களுக்கும் வருகிற வலி பெரும்பாலும் இது. கட்டுகிற இடம் முக்கியம். காலை நீட்டி உட்காருங்கள். சில்லின் கீழ் விளிம்பைத் தடவுங்கள். அதற்குக் கீழே மூன்று விரல் அளவில் எலும்பு ஒன்று துருத்தி நிற்கும். விளிம்புக்கும் அந்தத் துருத்தலுக்கும் நடுவில் மெத்தென்று அமுங்குகிற இடம்தான் தசைநார். பட்டையின் திண்டு அங்கே உட்காரணும். ஒரு விரல் நுழைகிற அளவு இறுக்கினால் போதும். பலபேர் இதைச் சில்லின் மேலேயே கட்டிவிட்டு, ஓடும்போது வலி கூடிவிட்டது என்று பட்டையைக் குறை சொல்கிறார்கள். சில்லைத் தொடையெலும்போடு வைத்து அழுத்தினால் வலிக்கத்தானே செய்யும்.

முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கிறதென்றால் மேலே சொன்ன மூன்றுமே வீண்செலவு. குளத்துக்கரைச் சரிவிலோ தார்ரோட்டின் ஓரச் சரிவிலோ ஒரே பக்கமாக ஓடி ஓடி வருகிற வலி அதில் ஒன்று. வண்டி குறைந்த ரோட்டில், போன ஓரத்திலேயே திரும்பி ஓடி வந்தால் சரிவு மற்ற காலுக்கு மாறிவிடும். சமமான மைதானம் கிடைத்தால் அதுவே மேல்.

நாலாவது, இரண்டு பக்கமும் கீல் வைத்த பெரிய நீ பிரேஸ். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். இது டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்குகிற சாமான். இதைக் கட்டிக்கொண்டு கிரவுண்டில் ஓடுகிற பையனைப் பார்த்தால் மாஸ்டர்மார் தயவுசெய்து நிறுத்துங்கள். குதித்து இறங்கும்போதோ திரும்பும்போதோ 'டப்' என்று சத்தம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பொங்கிவிட்டால் முட்டிக்குள்ளே குறுக்காக ஓடுகிற சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். மறுநாள் காலையில் மெதுவாக வீங்கி, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிற ஜவ்வு கிழிந்திருக்கலாம். நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை, 90 டிகிரிக்கு மடக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கணும். எக்ஸ்ரே சரியாக இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. ஜவ்வும் தசைநாரும் அதில் தெரியாது. முட்டிக்குக் கீழே எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, ராத்திரி படுத்தாலும் விடவில்லை என்றால், அழுத்தத்தால் வருகிற மயிரிழை முறிவு இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் அதுவும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். அந்த வலியோடு நீ கேப் மாட்டி ஓடுவது முழு முறிவில் கொண்டுபோய் விடும்.

நீ கேப்போ பட்டையோ மாட்டின நாட்களில் ஓட்டம் எவ்வளவு? வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று பையனையே கேளுங்கள். மூன்றுக்குள் நின்று மறுநாள் காலையில் இல்லாமல் போனால் அதே தூரம் தொடரலாம். அதைத் தாண்டினால் தூரத்தைப் பாதியாக்குங்கள். நொண்டினால் நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறான் என்று எண்ணுங்கள். 160 இருந்தால் வேகத்தைக் கூட்டாமல் அடியைச் சின்னதாக்கி 170க்குக் கொண்டுவாருங்கள், முட்டியில் விழுகிற பாரம் குறையும். ஒரு சாண் உயரப் படியில் ஒற்றைக்காலில் நின்று மறுகாலை மெதுவாகத் தரைக்கு இறக்குவது பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். இறக்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. முன்முட்டி வலி இருக்கிற பையனுக்குத் தண்டனையாக வாத்து நடை கொடுக்காதீர்கள். முழுதாக மடங்கின முட்டியில் உடம்புப் பாரம் மொத்தமும் ஏறும், ஒரு மாதம் பார்த்த வைத்தியம் ஒரே காலையில் போய்விடும்.

துவைப்பதற்குப் பச்சைத்தண்ணீரும் குளியல் சோப்பும் போதும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும். இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்காத நீ கேப்பைத் தூக்கிப்போடலாம். அண்ணன் போட்டுத் தொளதொளத்ததைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். அவன் முட்டியைப் புதிதாக அளந்து வாங்குங்கள்.