ஒருமனதா, கைதூக்கலா, தடையில்லாச் சம்மதமா? ஒரே கேள்விக்கு நாலு வழி

எங்கள் குழு எடுத்த முடிவுகளிலேயே ஒரு எதிர்ப்புக்கூட இல்லாமல் நிறைவேறியது, காப்பிப்பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷின் வாங்கிய தீர்மானம்தான். எங்களுக்கு அதிகம் நஷ்டம் வைத்ததும் அதுதான்.

ஏற்காட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற 13 சிறு காப்பி விவசாயிகள் சேர்ந்த குழு எங்களுடையது. பழத்தை அப்படியே காயவைத்து செர்ரியாக விற்பதைவிட, தோலுரித்து, ஊறவைத்து, கழுவி பார்ச்மென்ட்டாக, அதாவது உள் உறையோடு காய்ந்த கொட்டையாக, விற்றால் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். சரி, பொதுவில் ஒரு பல்ப்பர் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. குழுவில் மூத்தவர், எங்களில் பாதிப் பேருக்குப் பெரியப்பா முறை, "நல்ல விஷயம்தானப்பா, வாங்கிடலாம்" என்று ஆரம்பித்துவைத்தார். அரை மணி நேரத்தில் தீர்மானப் புத்தகத்தில் 'ஒருமனதாக' என்று எழுதிக் கையெழுத்தும் முடிந்தது. மெஷினைப் பொருத்திய இடத்துக்குப் பக்கத்து ஊற்று தை பிறந்ததும் வற்றிவிட்டது. பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும், தோலுரிக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும், தண்ணீர் இல்லையென்றால் அது வெறும் இரும்பு. அந்த ஊற்றில் தினமும் குடம் வைத்துப் பிடிக்கிற அக்கா ஒருவர் குழுவில் இருக்கிறார், அது வருஷா வருஷம் வற்றும் என்று அவருக்குத் தெரியும், அன்றைய கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டபோது, "பெரியப்பா சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது, எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அவர்மேல் தப்பே கிடையாது. கூட்டம் நடத்திய விதத்தில்தான் தப்பு, அந்த வருஷம் செயலாளர் நான்.

அதற்குப் பிறகு குழுவாக முடிவெடுக்கும் முறைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், சிலவற்றை எங்கள் கூட்டத்திலேயே செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த வழியில் போயிருந்தால் அந்த அக்காவுக்குத் தெரிந்த விஷயம் வெளியே வந்திருக்குமா?

ஒருமனதாக

நம்ம ஊரில் அதிகம் நடப்பது இதுதான். ஆனால் நாம் 'ஒருமனதாக' என்று எழுதுவதில் பெரும்பகுதி யாரும் வாய் திறக்கவில்லை என்பதற்கான இன்னொரு பெயர். ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974இல் இதை எழுதினார். டெக்சாஸில் ஒரு கடும் வெயில் நாளில் மாமனார் வாய்தவறிச் சொன்ன யோசனைக்குக் குடும்பமே தலையாட்டி, அபிலீன் என்ற ஊருக்கு 50 மைலுக்கு மேல் புழுதியில் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, கிளம்பச் சொன்ன மாமனார் உட்பட ஒருத்தருக்கும் போக விருப்பமே இல்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். முன்னால் பதில் சொன்னவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, கண்ணுக்கு முன்னால் சரியான பதில் இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போய்விட்டன. கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், அந்த அழுத்தம் பெருமளவு உடைந்துவிட்டது. வெறும் கோட்டுக்கே இப்படியென்றால் பெரியப்பாவுக்கு எதிரே எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் விஷயத்துக்கு இதுதான் நெருக்கம். 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் காட்டியது: குழுக்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேலே வராமலே போகிறது. எங்கள் கூட்டத்தில் மெஷின் விலையைப் பற்றி ஏழு பேர் பேசினோம். தண்ணீரைப் பற்றி ஒருவருமில்லை.

உண்மையான ஒருமனம் வேறு வகை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் கூட்டங்களில் ஓட்டே எடுப்பதில்லை. நடுநடுவே மௌனமாக உட்காருவார்கள், கூட்டம் எந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுத்தர் வாசித்துக் காட்டுவார், சரியாக இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும், சில விஷயங்களுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். சேர்வராயன் கோயில் திருவிழா மாதிரி ஒன்றில் ஒரு வீடு மனவருத்தத்தோடு ஒதுங்கி நின்றாலும் ஊருக்கே அது குறைதான், அங்கே விடியவிடிய உட்கார்ந்து பேசுவது நியாயம். மெஷின் வாங்க அப்படி உட்கார முடியாது.

கைதூக்கி ஓட்டு

வேகமானது, எல்லாருக்கும் புரியும், எண்ணிக்கை எழுதிவைக்கலாம். ஆனால் கைதூக்குவது பகிரங்கம், முதல் நான்கு கைகள் மேலே போனதும் மற்றவையும் போகும். ரகசியச் சீட்டு இதற்கு மருந்துதான், ஆனால் பாதி மருந்து. சீட்டு 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற ஒற்றை வார்த்தையைத்தான் சுமக்கும். அந்த அக்கா 'வேண்டாம்' என்று போட்டிருந்தால் 12க்கு 1 என்று எண்ணி முடித்திருப்போம், ஊற்று வற்றும் என்பது அந்தச் சீட்டுக்குள்ளேயே மடிந்து கிடந்திருக்கும்.

தோற்றவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஊராட்சியில் பெரும்பான்மை முடிவெடுத்தால் பின்னால் சட்டம் நிற்கிறது. எங்களைப் போன்ற குழுவில் 7க்கு 6 என்று ஜெயித்தால், அந்த 6 பேரும் அடுத்த நாள் மூட்டை தூக்க வர வேண்டும், அவர்கள் பழத்தையும் கொண்டுவந்து கொட்ட வேண்டும். வராமல் இருக்க அவர்களுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும்.

மூன்று யோசனைகள் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். காயப்போடுவதற்கு சிமென்ட் களமா, வலை அடித்த உயரக் கட்டிலா, பிளாஸ்டிக் கூரைக் கொட்டகையா என்று கேட்டபோது ஆளுக்கொரு கை தூக்கியதில் 5, 4, 4 என்று பிரிந்தது. களம் ஜெயித்தது என்று எழுதலாம், ஆனால் 8 பேர் அதைக் கேட்கவில்லை. மூன்றையும் இரண்டிரண்டாக மோதவிட்டால் ஒன்றை ஒன்று வட்டமாகத் தோற்கடித்துக்கொண்டு முடிவே இல்லாமல் போகவும் கூடும் என்று பிரான்ஸில் கொண்டோர்செ என்ற கணித அறிஞர் 1785இலேயே காட்டிவிட்டார். இதற்கு எளிய வழி, 'உங்களுக்கு எது பிடிக்கும்' என்பதற்குப் பதில் 'எதெல்லாம் உங்களுக்குச் சரி' என்று கேட்டு, ஒருவர் எத்தனைக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம் என்று விடுவது. நாங்கள் அப்படி மறுபடி கேட்டபோது வலைக் கட்டிலுக்கு 11 கிடைத்தது. ஓட்டுத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இப்படி எடுங்கள்.

தடையில்லாச் சம்மதம்

நான் கட்சி சேருவது இதோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் கேஸ் பூகே என்ற ஆசிரியர், அவரும் ஒரு குவேக்கர், 1926இல் தொடங்கிய தன் பள்ளியில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கே படித்த கெரார்ட் எண்டன்பர்க் பிற்பாடு தன் குடும்பத்து மின்சாதன நிறுவனத்தை நடத்தியபோது, தொழிற்சாலைக்கும் பொருந்துகிற மாதிரி அதை ஒழுங்கான முறையாக்கினார். கேள்வி மாறுகிறது, அவ்வளவுதான். 'எல்லாருக்கும் பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதில்லை. 'இதைச் செய்தால் நம் வேலை கெடும் என்று சொல்ல யாரிடமாவது காரணம் இருக்கிறதா?' என்று கேட்கிறார்கள். பிடிக்கவில்லை என்பது தடை ஆகாது. 'தை மாதம் தண்ணீர் இருக்காது' என்பது தடை. தடை சொன்னவரை மடக்குவதும் இல்லை, அந்தக் காரணத்தை வைத்தே யோசனையைத் திருத்துகிறார்கள்: மெஷினை ஊற்றுப் பக்கம் வைக்காமல் கிணறு இருக்கிற தோட்டத்தில் வைப்போமா?

நடத்தும் விதம்தான் இதன் உயிர். யோசனையை ஒருவர் வாசிப்பார். முதல் சுற்றில் புரியாததை மட்டும் கேட்கலாம். இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவரும் தனக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும், நடுவில் யாரும் பதில் பேசக்கூடாது. மூன்றாவது சுற்றில் தடை உண்டா, இல்லையா. கடைசியில் முடிவோடு ஒரு தேதியும் எழுதப்படும், அந்தத் தேதியில் இதைத் திரும்பப் பார்ப்போம் என்று. இந்தத் தேதி எங்களுக்குப் பெரிய உதவி. நிரந்தரம் என்றால் மறுக்கிற ஆள், 'பங்குனி வரைக்கும் பார்ப்போம்' என்றால் சரி என்கிறார்.

சுற்று என்பதற்குப் பின்னால் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் வயசில் சின்னவர்கள், மருமகள்கள் தானாக எழுந்து பேசினால் அது எதிர்ப்பேச்சு. முறை வந்து பேசினால் அது வெறும் முறை. அந்த அக்கா இப்போது பேசுகிறார், யாரும் அவரைத் துடுக்கு என்று சொல்வதில்லை. நாங்கள் சேர்த்துக்கொண்ட விதி ஒன்று: சுற்று எப்போதும் இளையவரிடம் தொடங்கும், பெரியப்பா கடைசி. இதை அவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. "எல்லாரும் சொன்னதக் கேட்டுட்டு நீங்க முடிச்சு வைங்க பெரியப்பா" என்று கேட்டேன், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். எந்த முறையில் முடிவெடுத்தாலும் சரி, யார் முதலில் பேசுகிறார் என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம் என்பது என் அனுபவம்.

குறையும் உண்டு. 13 பேர் மூன்று சுற்று என்றால் ஒன்றரை மணி நேரம். ஆள் இருபதைத் தாண்டினால் சுற்றே சோர்ந்துபோகும், பிரித்துத்தான் ஆக வேண்டும். தன் சொந்தக் கோபத்தைத் தடை என்று கொண்டுவருகிறவரைக் கையாள ஒரு நிதானமான ஆள் நடத்துநராக இருக்க வேண்டும், அது எல்லாருக்கும் வராது.

எழுதிவைத்துப் பேசுவது

1970களின் தொடக்கத்தில் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் கொண்டுவந்த முறை. பேசும் முன் ஆளுக்கொரு தாளில் பத்து நிமிஷம் சத்தமில்லாமல் எழுத வேண்டும், அப்புறம் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் வாசித்துப் பலகையில் எழுத வேண்டும், விவாதம் கடைசியில், பிறகு தனித்தனியாக மதிப்பெண். யோசனைகள் திரட்ட இதைவிட நல்லது எதுவும் இல்லை. எங்களில் நான்கு பேருக்கு எழுத வராது, அதனால் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லி எழுதவைக்கிறோம். மதிப்பெண்ணுக்கு ஆளுக்கு 5 காப்பிக்கொட்டை, யோசனைக்கு ஒரு கொட்டாங்குச்சி, சுவருக்கு அந்தப் பக்கம் தனித்தனியாகப் போய்ப் போட்டு வர வேண்டும். இதில் முடிவு மட்டும் எடுக்க வேண்டாம், முடிவுக்கு முந்தைய படியாக வையுங்கள்.

இதோடு கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'ஒரு வருஷம் ஆகிவிட்டது, இது முழுத் தோல்வி, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்' என்று கேட்பது. எங்கள் ஊரில் அப்படியே கேட்டதும் ஒரு பாட்டி கோபித்துக்கொண்டார், நல்ல காரியம் தொடங்கும்போது வாயால் கெட்டது சொல்லக்கூடாது என்று. நியாயம்தான். இப்போது, "வேற ஒரு ஊர்ல இதே மாதிரி வாங்கி வீணாப்போச்சுன்னு வைங்க, எதனால இருக்கும்?" என்று கேட்கிறோம். தாள் நிரம்பி வழிகிறது.

எல்லாவற்றுக்கும் கூட்டம் வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மச்சான் இன்னும் ஐந்து பேரோடு கூட்டாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பண்டிகை ஆர்டர் வந்தால் பத்து நிமிஷத்தில் முடிவு வேண்டும், அங்கே போய் மூன்று சுற்று என்றால் நடக்காது. அவர்கள் பழக்கம், யார் கை அந்த வேலையைச் செய்யப்போகிறதோ அவரே முடிவெடுப்பார், ஆனால் அதனால் பாதிக்கப்படுகிற ஆட்களைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. பற்றவைப்பில் மாற்றம் என்றால் மெருகு போடுகிறவரைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஏஇஎஸ் என்ற மின் நிறுவனத்தில் டென்னிஸ் பக்கே கிட்டத்தட்ட இதையேதான் நிறுவனம் முழுக்கப் பரப்பினார். திருப்பிச் சரிசெய்யக்கூடிய சின்ன முடிவுகளுக்கு நாங்களும் இதற்கு மாறிவிட்டோம். தார்ப்பாய், சாக்கு, டீசல் எதற்கும் இப்போது கூட்டம் இல்லை.

குலுக்கலையும் மறந்துவிட வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை இருக்கிறதே, அதைப் பலர் ஓட்டு என்று நினைக்கிறார்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வதுதான் அது, அதாவது குலுக்கல். எல்லாருக்கும் சமமான உரிமை இருந்து, எந்தக் காரணமும் ஒருவரை முன்னால் வைக்காதபோது இதைவிடச் சண்டை குறைந்த வழி கிடையாது. பறிப்பு உச்சத்தில் இருக்கும் வாரங்களில் எந்த நாள் யாருக்குப் பல்ப்பர் என்று நாங்கள் சீட்டுக் குலுக்கித்தான் போடுகிறோம். சீட்டு எடுப்பது அந்த அக்காவின் சின்னப் பையன்.

ஆமாம், பல்ப்பர் இப்போது ஓடுகிறது. கிணறு இருக்கிற தோட்டத்துக்கு அதை மாற்றலாம் என்ற யோசனை மூன்று சுற்று போனது. மூன்றாவதில் ஒரு தடை வந்தது: கழுவிய தண்ணீர் கீழே இருக்கிற மிளகுக்கொடிகளுக்குப் போகும் என்று. அதற்கு ஒரு குழி வெட்டுவது என்று சேர்த்து எழுதினோம். திரும்பப் பார்க்கும் தேதி பங்குனி முதல் ஞாயிறு, அன்றைக்குச் சுற்றில் முதலில் பேசப்போவது குழுவிலேயே வயதில் சின்னவர், போன மாதம்தான் சேர்ந்தவர்.