கன்னி ஆடா, கொடி ஆடா?

இரண்டும் தென்மாவட்டத்து வெள்ளாடுகள். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் கன்னி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் கொடி.

கன்னியை முகத்தில் கண்டுகொள்ளலாம். உடல் கருப்பு, முகத்தின் இருபுறமும் கோடு. வயிறும் காலின் உட்புறமும் கோட்டின் நிறமே. கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. மூக்கு புடைத்துக் காது தாடைக்குக் கீழே நீண்டு தொங்கினால், வட இந்திய இனமான ஜமுனாபாரியின் கலப்பைச் சந்தேகியுங்கள். சந்தையில் பலர் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

கொடி ஆடு நெட்டையான, ஒல்லியான உருவம். கழுத்தும் காலும் நீளம். வெள்ளை உடலில் கருப்புத் திட்டு சிதறியிருந்தால் கரும்போரை, செந்திட்டு இருந்தால் செம்போரை.

இரண்டும் கறிக்குத்தான், பால் குட்டிக்கே சரியாக இருக்கும். வயலில் இரவு அடைத்துக் கிடை போட்டால் நிலத்துக்கு எருவும் கிடைக்கும். நீண்ட தூரம் நடத்தி மேய்ப்பவருக்குக் கொடி பொருந்தும். செம்மறி மந்தைக்கு முன்னோடியாகவும் இரண்டொன்றைச் சேர்ப்பார்கள். சிறு மந்தை வைத்து, குட்டி விற்றுப் பிழைப்பவருக்கு எங்கள் தேர்வு கன்னி. இரட்டைக் குட்டி சாதாரணம்.

ஆனால் இரட்டையில் மெலிந்தது மடிக்குப் போட்டியிட முடியாமல் சாகும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி சீம்பாலாவது, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் புகட்டுங்கள். எந்த இனமானாலும் 25 பெட்டைக்கு, இனப்பெருக்கத்துக்கென வைக்கும் ஒரு பொலிகிடா போதும். தன் குட்டியோடே அது இணையாதபடி இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுங்கள்.