ஊசி போட்ட பத்தே நிமிசத்துல மாடு போச்சு: மாட்டு இன்சூரன்ஸ் கிளைம் வாங்குன கதை

ஸ்டார் குடுக்கச் சொன்னா அஞ்சுக்கு மூணு குடுப்பனுங்க. அந்த ரெண்டு எங்க போச்சுன்னு கீழ எழுதீருக்கறேன்.

எங்குளுது சென்னிமலை பக்கம், கட்டுத்தரைல நாலு மாடு. அதுல ராணின்னு ஒரு கலப்பு மாடு, மூணாவது ஈத்து, ரெண்டு நேரமும் சேத்து 14 லிட்டர் கறக்கும். கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டீட்டுப் போயிருந்தா 70,000 கண்ண மூடீட்டு வந்துருக்கும், ஆனா பாலிசி போடறப்ப 50,000னுதான் மதிப்புப் போட்டாங்க. மானியத் திட்டத்துல கால்நடை ஆஸ்பத்திரி மூலமா எடுத்தது, நம்ம கையில இருந்து கட்டுனது கம்மிதான், அதனால நானும் அப்ப ஒண்ணும் பேசல.

கோமாரி ஊசி போடறவங்க காலைல ஐஸ் பெட்டியோட வந்தாங்க. 2019ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம், ஆறு மாசத்துக்கொருக்கா இலவசமா போடறாங்க. நாலுக்கும் போட்டாங்க. மூணு மாடு பாட்டுக்கு அசை போட்டுட்டு நின்னுச்சு. ராணிக்கு மட்டும் பத்து நிமிசத்துல ஒடம்பு வெடவெடன்னு நடுங்கி, வாயில நொரை தள்ளி, பொத்துனு உழுந்துருச்சு. டாக்டரம்மா பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஓடியாந்து மாத்து ஊசி போட்டுப் பாத்தாங்க, அரை மணி நேரம் போராடுனாங்க, ஒண்ணும் ஆவல. ஊசிக்கு ஒத்துக்காம இப்பிடி ஆவறது நெம்ப அபூர்வம், எந்த மாட்டுக்கு ஆவும்னு முன்னாடியே தெரியாதுன்னு சொன்னாங்க. எங்கூட்டுல அவ தலையில கை வெச்சுட்டு உக்காந்தவ பொழுதோட வரைக்கும் எந்திரிக்கல.

எங்கப்பாரு குழி வெட்ட ஆளுக்குச் சொல்லி அனுப்பீட்டாரு. டாக்டரம்மாதான் சத்தம் போட்டு நிறுத்துனாங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ணாம பொதச்சா பத்து பைசா வராது, காதுல இருக்கற மஞ்ச வில்லையோட 12 நம்பரும் தெரியற மாதிரி போட்டோ எடு, இன்சூரன்ஸ் ஆபீசுக்கு இப்பவே போன் போடுன்னாங்க. சர்ட்டிபிகேட்டுல சும்மா "இறந்தது"ன்னு எழுதாம ஊசி போட்ட நேரம், மருந்தோட பேட்ச் நம்பர், மூச்சுக்குழாய்ல நொரை, நுரையீரல் வீக்கம்னு முச்சூடும் எழுதிக் குடுத்தாங்க. கடைசில காசு வந்தது அந்த ஒரு தாளாலதானுங்க.

இனித்தான் அக்கப்போரு. கம்பெனி பேரு வேண்டாம். சர்வேயர்னு ஒருத்தர் ஒம்பது நாள் கழிச்சு வந்து, பாலிசில நோய்க்கும் விபத்துக்கும்தான் பணம், இது ஊசியால செத்தது, ஊசி போட்டவங்களக் கேளுங்கன்னு சொல்லீட்டுப் போயிட்டாரு. பாலிசிய இங்கிலீசுல குடுத்துருந்தாங்க, காலேஜ் படிக்கற எம்புள்ளதான் வரி வரியா படிச்சா. அதுல என்ன போட்டுருக்குதுன்னா, தடுப்பூசி போடாத மாடு கோமாரில செத்தா பணம் கெடயாதாம்! அப்ப போடலைன்னாலும் இல்ல, போட்டுச் செத்தாலும் இல்ல, மாடு என்னதாங்க பண்ணும்? எதுக்கெல்லாம் பணம் இல்லைன்னு இருக்கற பட்டியல்ல அரசாங்க டாக்டர் மேப்பார்வைல போட்ட ஊசின்னு ஒரு வார்த்த இல்ல. அதத்தான் பென்சில்ல கோடு போட்டு மேனேஜர்கிட்ட காட்டுனா. அவ இன்னொண்ணும் தேடிப் புடிச்சா, அமெரிக்காவுல மனுசருக்கு ஊசியால பாதிப்புன்னா நஷ்டஈடு குடுக்க 1986லயே சட்டம் போட்டு, ஒரு டோஸ்ல ஒரு நோய்க்கு 75 சென்ட்னு வரி புடிச்சு அதுல இருந்து குடுக்கறாங்களாம். நமக்கு வாச்சது இந்த மேனேஜரு.

அந்தாளு கோவப்படலீங்க, அதத்தான் நம்பக் கூடாது. டீ வாங்கிக் குடுத்து, "30,000ல பேசி முடிச்சுக்கலாம், மேல கேட்டா பைல் மேல போயிரும், வருசமாயிரும்"னாரு. ஒரு வவுச்சர நீட்டுனாரு. முழுத் தீர்வா ஏத்துக்கறேன், இனி எதும் கேக்க மாட்டேன்னு இருந்துச்சு. புள்ளைக்கு பீஸ் கட்டற மாசம், கை அரிச்சுது, பொய் சொல்லல. ஊட்டுல கேட்டுட்டு வரேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்பறம் பால் சொசைட்டி செக்ரட்டரி சொல்லித்தான் பீமா பரோசாவுல, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக மேல புகார் சொல்றதுக்குன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெச்சிருக்கற வெப்சைட்டுல, புகார் போட்டோம். போன்ல சொல்றதுன்னா 155255. காசு எதும் கெடயாது. போனு, பாலிசி, கிளைம் பாரம், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு, திட்டத்துல கேக்கற நாலும் அன்னைக்கே குடுத்துட்டேன்னு தேதியோட எழுதுனோம். மூணு வாரத்துல மேனேஜரே போன் பண்ணுனாரு. 50,000 முழுசா ஏறிருச்சு. ராணி செத்து நாலு மாசம் ஆயிருந்துச்சு.

பேப்பர் குடுத்து 15 நாளைக்குள்ள பணம் போடோணும், தவறுனா 12 சதவீதம் கூட்டு வட்டின்னு திட்ட விதியிலயே இருக்குதுங்க. கேட்டேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்கு ஒரு ஸ்டார், அந்த வவுச்சருக்கு ஒரு ஸ்டார் கழிச்சுட்டேன். வட்டிக்குன்னு மறுபடி அலைய எனக்குத் தெம்பில்ல, சோளத்தட்டு அறுக்கற சமயம் வேற.

எங்க சந்துல ரெண்டு பேரு இனி கோமாரி ஊசியே வேண்டாம்னு மாட்ட ஒளிச்சு வெக்கறாங்க. எனக்கு 2013ல கோமாரி வந்தது நல்லா நெனப்பிருக்குது, கால் புழுத்து மாடு எந்திரிக்க மாட்டாம கெடந்தது. அடுத்த சுத்துக்கு மீதி மூணுக்கும் நானே புடிச்சுக் குடுத்தேன். ஊசி போட்டு ஒரு மணி நேரம் டாக்டரம்மாவ டீ குடிக்கச் சொல்லி உக்கார வெச்சுட்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் ரினிவல் வந்துச்சு. அதே ஆபீசு, அதே மனுசன். கட்டீட்டு வந்துட்டனுங்க. மூணு வில்லையும் போட்டோ எடுத்து போன்லயே வெச்சுருக்கறேன்.