கஸ்டம் அன்டிபொடி செய்விக்கிறவர்கள் கவனம்! மூன்றரை இலட்சம் போய்விட்டது

ஆத்திரம் ஆறுமுன் எழுதிவிடுகிறேன். ஆய்வுகளுக்கு அன்டிபொடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி) செய்து தரும் வெளிநாட்டு இணையக் கம்பனி ஒன்றும் அதன் கொழும்பு முகவரும் என்னிடம் மூன்றரை இலட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத சீரத்தை (அன்டிபொடி இருக்க வேண்டிய முயல் இரத்தத் தெளிநீரை) அனுப்பியிருக்கிறார்கள்.

திருகோணமலையில் இறால் நோய் பற்றி ஆய்வு செய்கிறேன். 1990களில் புத்தளத்து இறால் பண்ணைகளை நாசமாக்கிய வெண்புள்ளி வைரஸ் கொட்டியாரக் குடா இறால்களிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்த வைரஸின் உறையிலுள்ள விபி28 புரதத்தைப் பிடிக்கும் அன்டிபொடி தேவை. சிறு குப்பிகளாக வாங்கினால் முழு ஆய்வுக்கும் காணாது. அந்தப் புரதத்தின் ஒரு சிறு துண்டை, அதாவது பெப்டைட்டை, முயலுக்கு ஊசி போட்டுச் செய்வித்தால் தாராளமாகக் கிடைக்கும்.

முகவர் விஷயம் தெரிந்தவர். பெப்டைட்டின் நுனியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வைத்தால்தான், அதைச் சுமக்கும் பெரிய காவிப் புரதத்தோடு ஒழுங்காக இணைக்கலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். முயலுக்கு எந்த ஊசி எப்போது என்று அட்டவணை அனுப்பினார். கடைசியில் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது: "மிஸ், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. வேலை செய்யாட்டி காசு திரும்ப வரும், நான் பொறுப்பு." சிறிய ஆய்வு நிதியோடு என் சேமிப்பையும் போட்டு வங்கியில் முழுக் காசையும் கட்டினேன். மூன்றரை இலட்சம்!

சீரத்தோடு வந்த அறிக்கையில் எலைசா டைட்டர் 1:64,000 என்று பெரிதாகப் போட்டிருந்தது. எலைசா என்பது தட்டில் பூசிய பொருளை அன்டிபொடி பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை; டைட்டர் என்பது சீரத்தை எவ்வளவு ஐதாக்கினாலும் அது பிடிக்கும் என்ற கணக்கு. பேராதனையில் தோழியின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், புரதங்களை அளவுப்படி பிரித்து அன்டிபொடி எதைப் பிடிக்கிறது என்று பார்க்கும் வெஸ்டர்ன் ப்ளொட் செய்தோம். விபி28 தெரிய வேண்டிய 28 கிலோடால்டன் இடத்தில் ஒன்றுமே இல்லை. காவிப் புரதமான கேஎல்எச்சை மட்டும் வைத்துப் பார்த்தோம், கன்னங்கரேலென்று புள்ளி விழுந்தது! அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், எலைசா தட்டில் பூசியதே பெப்டைட்டும் கேஎல்எச்சும் சேர்ந்த அதே கலவைதான். சிறு பெப்டைட் தனியே முயலை அவ்வளவாகத் தூண்டாது என்றுதான் கேஎல்எச்சோடு இணைக்கிறார்கள். ஆனால் முயல் அந்தக் கேஎல்எச்சுக்கு எதிராகவும் அன்டிபொடி செய்யும். அதை அளந்து காட்டி என் காசை எடுத்துவிட்டார்கள்.

கேட்டதும் "உங்கட ப்ளொட் பிழையா இருக்கும்" என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, முயலுக்கு ஊசி போடுமுன் எடுத்த சீரத்தைக் கேட்டேன், அது முடிந்துவிட்டதாம். பிறகு "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கு மிஸ்". கடைசியில், உத்தரவாதம் எலைசாவுக்கு மட்டும்தானாம்! அன்டிபொடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை 2016இல் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று எழுதி வெளியிட்டது. எலைசா டைட்டர் அதில் ஒன்றுகூட இல்லை. இப்போது முகவர் வட்சப்பில் பார்க்கிறார், பதில் இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது. ஊசிக்கு முந்திய சீரம் தராவிட்டால் வாங்காதீர்கள். எலைசாவை வேறு காவிப் புரதத்தில் இணைத்த பெப்டைட்டோடு செய்யச் சொல்லுங்கள். உங்கள் புரதத்தில், உங்கள் ப்ளொட்டில் வேலை செய்யும் என்று எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொன்னது செல்லாது. முழுக் காசையும் முன்கூட்டியே கேட்டால் கட்டவே வேண்டாம்.

இதே மாதிரி மாட்டுப்பட்டவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம். மூன்றரை இலட்சத்துக்கான ரசீதும் ப்ளொட் படங்களும் என்னிடம் இருக்கின்றன.