பார்க்க வருபவர்களும் விடுதி விதிகளும்: திருச்சி அனுபவம்

பெற்றோர் காலமாகி, ஊரில் இருந்த வீடும் கைமாறிய பிறகு, ஜெர்மனியிலிருந்து திருச்சிக்கு வரும் என்போன்றவர்களை உறவினர்கள் வந்து பார்க்கும் இடம் விடுதி அறைதான். ஆகவே இம்முறை வாடகையையும் குளிர்சாதன வசதியையும்விட, பார்க்க வருபவர்களை விடுதிக்காரர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதையே கூர்ந்து கவனித்தேன்.

முதலில் தங்கியது தில்லைநகரில் ஒரு நடுத்தர விடுதி. முழங்கால் வலியோடு லால்குடியிலிருந்து பேருந்தில் வந்த என் அத்தையையும் அவர் மகளையும் வரவேற்பறையிலேயே நிறுத்தி, "தங்குபவர்களைத் தவிர யாரும் மேலே போகக் கூடாது, போலீஸ் உத்தரவு" என்றார்கள். எந்த உத்தரவு என்று கேட்டேன், பதில் இல்லை. முன்பதிவுச் சீட்டிலும் அப்படியொரு நிபந்தனை இல்லை. மாமா இறந்த பிறகு என்னை முதன்முதலாகப் பார்க்கும் அத்தை, பெட்டிகளை உருட்டிக்கொண்டு வருவோர் போவோர் நடுவே உட்கார்ந்து அழ வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் அவருடைய பாஸ்போர்ட் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையவழியில் தெரிவிப்பது விடுதியின் சட்டக் கடமை. 2025 வரை 'சி' படிவம் என்று வழங்கியது அதைத்தான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்களும் அதற்கு ஒத்துழைக்கத்தான் வேண்டும். ஆனால் அது தங்குபவருக்கானது; ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகும் அத்தைக்கானதன்று. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைக்கூடத் தடுக்கும் சட்டம் இல்லை என்று, கோவையில் அதிகாரிகள் முத்திரையிட்டு மூடிய ஒரு தங்குமிடத்தைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கூறியிருக்கிறது. தனியார் விடுதி தனக்கென விதி வகுத்துக்கொள்ளலாம். அதைத் தன் விதி என்றே சொல்ல வேண்டும், அதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

மறுநாளே மத்தியப் பேருந்து நிலையத்துக்கு அருகில் வேறொரு விடுதிக்கு மாறினேன். அங்கே வருபவரின் பெயர், கைபேசி எண், வந்த நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணி வரை அறையில் இருக்கலாம், அதற்குமேல் தங்கினால் கூடுதல் நபருக்கான கட்டணம் என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார்கள். அத்தையை மின்தூக்கி வரை கைபிடித்து அழைத்துச் சென்ற பணியாளரை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆதார் நகல் கேட்கும் விடுதிகளும் உண்டு. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்திருக்கும்படி உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அறை பதிவு செய்வதற்கு முன், பார்வையாளர் அறைக்கு வரலாமா, எந்நேரம் வரை, என்ன ஆவணம் தேவை என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவுப் பணியில் இருப்பவர் வேறுவிதமாகச் சொன்னால் அதைக் காட்டலாம்.