பென்டிரைவில் 'ஆயுள் லைசன்ஸ்': அனிமேஷன் மென்பொருள் வாங்கும் பெற்றோர் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கணினி வகுப்பு, பிள்ளைகளுக்கு அனிமேஷன் கற்றுத் தருவதாகச் சொல்லி 480 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பென்டிரைவை விற்று வருகிறது. "ஒலியோடு படம் செய்யும் மென்பொருள், ஆயுள் லைசன்ஸ்" என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். ஏமாந்தவர்களில் தோட்டத்து வீட்டுப் பெற்றோரே அதிகம். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும்போது இந்தத் தொகை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்தே வகுப்பு நடத்துவோர் அதை வசூலித்திருக்கிறார்கள்.

அந்தப் பென்டிரைவைத் திறந்து பார்த்தோம். பென்சில்2டி என்ற அனிமேஷன் மென்பொருள், கிராக் செய்த (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த) அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் சிஎஸ்6 அனிமேஷன் மென்பொருள், ஒரு ஃபோல்டர் நிறைய சினிமாப் பாட்டுத் துண்டுகள். அவ்வளவுதான்.

பென்சில்2டி இலவச மென்பொருள். அதன் தளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். நிறுவும்போது கொடுக்க வேண்டிய சாவி எண் எதுவும் கிடையாது. நகலெடுத்துக் கொடுத்ததற்குக் கூலி வாங்குவதை அதன் உரிமம் தடுக்கவில்லை. இல்லாத லைசன்ஸை இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்கியதுதான் மோசடி. ஃபிளாஷ் விஷயம் இதைவிட மோசம். சிஎஸ்6 வெளிவந்தது 2012-இல். 2016-இல் அதன் பெயரே அனிமேட் என்று மாறிவிட்டது, இன்று சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும். பிரதியோடு வந்த குறிப்பில் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று இருக்கிறது. அப்படிச் சொல்லும் எதையும் வீட்டுக் கணினியில் ஏற்றாதீர்கள். இன்னொன்று: ஃபிளாஷின் வழக்கமான வெளியீடு எஸ்டபிள்யூஎஃப் கோப்பு. அதை ஓட்டிக் காட்டும் ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-உடன் கைவிடப்பட்டது. பிள்ளை பாடுபட்டுச் செய்த படம் பிரவுசரிலும் திறக்காது, கைப்பேசியிலும் திறக்காது.

ஒலி வரவில்லை என்று கேட்ட பெற்றோரிடம் "உங்கள் லேப்டாப் பழசு" என்றிருக்கிறார்கள். அது பொய். வகுப்பில் படத்தை ஜிஐஎஃப் (அசையும் படக் கோப்பு) ஆக வெளியேற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜிஐஎஃப்-இல் ஒலி இருக்கவே முடியாது. பென்சில்2டியில் ஒலிக்கென்று தனி லேயர் (அடுக்கு) சேர்த்து, அதில் ஒலிக் கோப்பைச் சேர்த்து, எக்ஸ்போர்ட்டில் மூவியைத் தேர்ந்தெடுத்து எம்பி4 (வீடியோ கோப்பு) ஆக வெளியேற்றினால் அதே லேப்டாப்பில் ஒலி வருகிறது.

உதடும் பேச்சும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் வேறு. வேலை தொடங்கும் முன்பே ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டம் ஓட வேண்டும் என்பதை, முடிவு செய்துவிட வேண்டும். நொடிக்கு 12 என்றால் 20 நொடிப் படத்துக்கு 240 ஃபிரேம். வரைந்து முடித்த பிறகு 24 ஆக மாற்றினால் படம் 10 நொடியில் ஓடி முடிந்துவிடும், பேச்சோ 20 நொடியும் ஓடும். அதனால் முதலில் ஒலி, பிறகுதான் படம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் (இதுவும் இலவசம்) பதிவு செய்து, டபிள்யூஏவி ஒலிக் கோப்பாகச் சேமித்து, எந்த நொடியில் எந்தச் சொல் வருகிறது என்று தாளில் குறித்துக்கொண்டு வரையுங்கள். சரிபார்க்கும்போது புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். சரியாக இருப்பதையும் தவறென்று நினைத்துக் கெடுத்துவிடுவோம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்குப் பென்சில்2டி போதும். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு எங்கள் தேர்வு ஸ்கிராட்ச், கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் படம் செய்யும் மென்பொருள். ஆனால் அது வீடியோவாக வெளியேற்றாது, ஓபிஎஸ் என்ற மென்பொருள் கொண்டு திரையைப் பதிவு செய்ய வேண்டும். நன்றாக வரையும் பிள்ளைக்குக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். 5.2-க்கு முந்திய பதிப்புகளில் வீடியோ எடுக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணைக் கருவியைத் தனியாக இணைக்க வேண்டியிருந்தது. இப்போது கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிரிட்டாவுக்கு விலை போட்டிருப்பார்கள். அந்தப் பணம் அதை உருவாக்குவோருக்கே போகிறது. சொந்தத் தளத்தில் இலவசம். முப்பரிமாணப் படத்துக்கான பிளெண்டரும் இலவசம்தான், ஆனால் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும்.

யாரிடமாவது பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரே 10 நொடிப் படம் ஒன்று செய்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நொடி முடிந்தவுடன் ஒரு கைதட்டல் ஒலி. 12 ஃபிரேம் வேகத்தில் 61-ஆவது ஃபிரேமில் கைகள் சேர வேண்டும். அதை எம்பி4 ஆக வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பட்டும். உங்கள் கைப்பேசியில் கையும் ஒலியும் ஒன்றாக வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். மென்பொருளின் பெயர், பதிப்பு, தயாரித்தவர் யார் என்பதை ரசீதில் எழுதித் தர மறுப்பவரிடம் எதுவும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ரசீது, வங்கிப் பரிமாற்றச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 'போராங் 1' என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதிவாகும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கிராக் பிரதியை நிறுவிவிட்டவர்கள் அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, பிள்ளையின் படங்களையும் ஒலிப் பதிவுகளையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அந்தப் பென்டிரைவை வேறு கணினியில் செருக வேண்டாம். நடுவர் மன்றத்தில் காட்ட உறையில் போட்டு வைத்திருங்கள்.