தட்டச்சு மேஜையிலிருந்து ஒரு உளவுக் கதை: லாரா பிரெஸ்காட்டின் 'தி சீக்ரெட்ஸ் வி கெப்ட்'

அம்மா ஒரு அரசு அலுவலகத்தில் 27 வருஷம் தட்டச்சராக இருந்தார். யாருக்கு மாறுதல், யார் மேல் விசாரணை, எந்த ஃபைல் எந்த மேஜையில் முடங்கிக் கிடக்கிறது எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். விரல் நுனியில் கார்பன் மையோடு வீட்டுக்கு வருவார், அலுவலக விஷயம் ஒரு வார்த்தை வாயில் வராது. அதனால் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வில் வேலை பார்த்த தட்டச்சுப் பெண்களைப் பற்றி ஒரு உளவு நாவல் இருக்கிறது என்று தெரிந்ததும் வேறெதுவும் விசாரிக்காமல் வாங்கிவிட்டேன். 2019-ல் வந்த புத்தகம், நான்தான் லேட். இரண்டு ராத்திரியில் முடித்தேன்.

அடிப்படைக் கதை நிஜமாக நடந்தது. ரஷ்ய எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' நாவலை சோவியத்தில் வெளியிட மறுத்தார்கள். கையெழுத்துப் பிரதி 1956-ல் இத்தாலிக்குப் போய்விட்டது, 1957-ல் மிலானில் இத்தாலிய மொழியில் புத்தகமாகவும் வந்துவிட்டது. ரஷ்யர்கள் ரஷ்ய மொழியில் படிக்க வேண்டுமே? அந்த வேலையை சிஐஏ ரகசியமாகக் கையில் எடுத்தது. நெதர்லாந்தில் அச்சடித்து, 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் வாட்டிகன் அரங்கு வழியாக சோவியத் பயணிகள் கையில் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நீல நிறத் துணி அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தாள்களைப் பிரித்து பாக்கெட்டுகளில் செருகிக்கொண்டு போனார்களாம். இது சம்பந்தமான ஆவணங்களை சிஐஏ 2014-ல் வெளியிட்டபோது பல பெயர்கள் அழிக்கப்பட்டே இருந்தன. அந்த அழிந்த இடங்களில் லாரா பிரெஸ்காட் பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்.

நாவல் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் மாறி மாறிப் போகிறது. வாஷிங்டன் பக்கத்தில் தட்டச்சர்கள் எல்லோரும் சேர்ந்து 'நாங்கள்' என்று பேசும் அத்தியாயங்கள் வருகின்றன பாருங்கள், இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது. நன்றாகப் படித்தவர்கள், வேற்று மொழி தெரிந்தவர்கள், விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் கூட அந்தக் கூட்டத்தில் உண்டு, சிலர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓஎஸ்எஸ் என்ற அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்தவர்கள். நேர்முகத் தேர்வில் இவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: டைப் அடிக்கத் தெரியுமா? அப்புறம் ஆண்கள் பேசுவதையெல்லாம் கேட்டு, அடித்து, மறந்துவிட வேண்டும். அடித்தார்கள், மறக்கத்தான் இல்லை. யார் யாரோடு போகிறான், எவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான், எந்தத் திட்டம் ஊற்றிக்கொண்டது, அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். இது கற்பனை மட்டும் இல்லை. 1953-ல் ஆலன் டல்லஸ் தலைவராக இருந்தபோது சிஐஏ-வே பெண் ஊழியர்களின் நிலையைப் பற்றி ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. சம்பளப் படிநிலையில் ஆண்களின் இடைநிலை 9, பெண்களுடையது 5. குழுவுக்கு வைத்த செல்லப்பெயர் 'பெட்டிகோட் பேனல்'. பெயரிலேயே தெரிகிறது அவர்களை எந்த லட்சணத்தில் மதித்தார்கள் என்று.

கதையின் மையம் ஐரினா. ரஷ்யாவிலிருந்து வந்த அம்மாவுக்கு அமெரிக்காவில் பிறந்த பெண், அம்மா துணி தைத்துப் பிழைக்கிறவர். ஐரினா டைப்பிங்கில் சுமார்தான், ஆனாலும் வேலை கிடைக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும். யார் கண்ணிலும் நிற்காத முகம் அவளுக்கு, ஒரு கவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்க அதைவிட நல்ல தகுதி வேறென்ன வேண்டும்? அவளைப் பழக்குகிறவள் சாலி. போர்க்காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவள், அழகையும் பேச்சையும் வைத்து ஆண்களிடம் விஷயம் கறப்பதுதான் அவள் வேலை. துப்பாக்கி, கார் துரத்தல் எல்லாம் இங்கே கிடையாது. எப்படி நடப்பது, ஒரு அறைக்குள் நுழைந்ததும் எதைக் கவனிப்பது, வேறொருத்தியாக எப்படி மாறுவது என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுப்பதுதான், அதிலேயே எனக்கு நெஞ்சு படபடத்தது.

இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் காதல் வருகிறது. 1953-ல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் போட்ட ஒரு ஆணையின் பேரில் ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களை அரசு வேலையிலிருந்து தேடித் தேடித் துரத்திய காலம் அது, ஆக ஊருக்கே ரகசியம் காக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் தங்கள் ரகசியத்தையும் காக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயத்தை ஆசிரியர் சத்தம் போடாமல் எழுதியிருக்கிறார். ஆனால் பிற்பகுதியில் இந்த உறவை அவசரமாக முடித்துவிட்டார் என்பது என் வருத்தம். இன்னும் ஐம்பது பக்கம் கொடுத்திருக்கலாம். ஐரினாவை மணக்கப் போகும் டெடியும் கடைசி வரை மனதில் பதியவில்லை. பாலியல் வன்முறைக் காட்சி ஒன்றும் உண்டு, அப்படிப்பட்டதைப் படிக்க முடியாதவர்கள் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

மாஸ்கோ பக்கம் ஓல்கா இவின்ஸ்கயா, பாஸ்டர்நாக்கின் காதலி, நிஜமாக வாழ்ந்தவர். 1949-ல் கைது செய்து லுபியங்கா சிறையில் விசாரிக்கிறார்கள், வயிற்றில் குழந்தை, அது தங்கவில்லை. அதன் பிறகு போத்மா கட்டாய உழைப்பு முகாம், ஸ்டாலின் இறந்தபின் 1953-ல்தான் விடுதலை. அந்த முகாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் எழுதி முடிக்காத ஒரு நாவலுக்காக எழுதியவர் வெளியே இருக்கிறார், அவரை நேசித்தவள் உள்ளே இருக்கிறாள். பாஸ்டர்நாக்கை எவ்வளவு மதித்தாலும் அந்த இடத்தில் அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. 1958-ல் நோபல் அறிவித்து, நெருக்கடி தாங்காமல் அவர் வேண்டாம் என்று தந்தி கொடுக்கிறாரே, அங்கேயும் அடியைத் தாங்குகிறவள் ஓல்காதான்.

அத்தியாயத் தலைப்புகளைக் கவனித்துப் படியுங்கள். ஒவ்வொருத்தியின் பழைய பட்டத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதியிருக்கிறார்கள், முன்னால் விண்ணப்பதாரி, இப்போது கன்னியாஸ்திரி என்கிற மாதிரி. தட்டச்சில் தப்பானதை அடிப்போமே, அதே மாதிரி.

ஒரு புத்தகத்தை ஆயுதமாகப் பயன்படுத்துவது நமக்கும் ஒன்றும் புதிதில்லை. சோவியத் அரசு நடத்திய மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களை என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில் அள்ளிக்கொண்டு வந்து வளர்ந்த தலைமுறை நாம், அந்த விலைக்கு அந்தத் தாளும் பைண்டிங்கும் எப்படிக் கட்டுபடியானது என்று நாம் யோசித்ததே இல்லை. அந்தக் கதைகளை இன்றும் நேசிக்கிறேன், அதே சமயம் எதிர்த்தரப்பும் இதே வேலையை எப்படிச் செய்தது என்று இந்த நாவலில் படிக்கும்போது வேறு மாதிரி இருந்தது.

ஆங்கிலம் எளிமைதான், அகராதி தேவைப்படாது. ரஷ்யப் பெயர்கள் மட்டும் குழப்பும், ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விறுவிறு உளவுக் கதை தேடுகிறவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம், பிரஸ்ஸல்ஸ் பகுதி கூட நான் எதிர்பார்த்ததைவிடச் சுருக்கமாகத்தான் வருகிறது. அலுவலகத்தில் பெண்களின் வாழ்க்கை, நட்பு, வாயைத் திறக்காமல் இருப்பதன் பாரம், இதெல்லாம் பிடிக்குமென்றால் தயங்காமல் வாங்கலாம்.

முடித்ததும் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கூட வேலை பார்த்த சிநேகிதியின் சஸ்பென்ஷன் ஆர்டரை ஒருநாள் தானே அடிக்க வேண்டி வந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். மூன்று கார்பன் வைத்து நாலு பிரதி. கையெழுத்தாகி வர சாயங்காலம் ஆகிவிட்டது, மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.